சின்ன அணிகளுக்கு குரோக் பார்க், பெரிய அணிகளுக்கு வெளியூர்

கேள்வி இதுதான்: அயர்லாந்தின் தேசிய கேலிக் கால்பந்து லீக்கில் நான்கு டிவிஷன்களின் இறுதி ஆட்டங்களையும் டப்ளின் குரோக் பார்க்கிலேயே வைப்பது சரியா? 82,300 பேர் கொள்ளும் மைதானம் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. மோதும் இரண்டு அணிகளுக்கும் நடுவில் ஓர் ஊர் மைதானத்தைப் பார்த்து வைத்தால் என்ன?

பொதுவாகக் கிடைக்கும் பதில், "முதல் டிவிஷன் இறுதி குரோக் பார்க்கில் இருக்கட்டும், மூன்றாவது, நான்காவது டிவிஷன்களை வெளியே அனுப்பிவிடலாம்" என்பது. கூட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரியும். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். வெளியே போக வேண்டியது முதல் டிவிஷன்தான். கீழ் டிவிஷன்கள் குரோக் பார்க்கை விட்டு நகரக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் சில விஷயங்கள். அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயின்ட். கம்பிக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் பாயின்ட். ஆடுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, போலீஸ்காரர், கல்லூரி மாணவர் என்று அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். காசு கொடுத்து ஆள் வாங்கும் வழக்கமும் இல்லை, பெரும்பாலும் அவரவர் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் (நம் மாவட்டம் மாதிரி) ஆடுவார்கள். அதனால் கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு மைதானத்தில் ஓடுபவன் பக்கத்துத் தெருப் பையன், அல்லது தன் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார். ஆட்டம் எந்த ஊரில் என்பதற்கு இவ்வளவு சண்டை நடப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

லீக் ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் கடைசி வரை போகும். நான்கு டிவிஷன், ஒவ்வொன்றிலும் எட்டு அணி. மொத்தம் 32 அணிகள் என்றாலும் இது 32 கவுண்டிகளின் பட்டியல் இல்லை. மட்டையால் ஆடும் ஹர்லிங்கே உயிர் என்று இருக்கும் கில்கென்னி கால்பந்து லீக்கில் ஆடுவதில்லை, அந்த இடத்தில் லண்டன் ஆடுகிறது. ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் இறுதி ஆட்டத்தில் மோதும். லீக் முடிந்த கையோடு ஏப்ரலில் சாம்பியன்ஷிப் தொடங்கிவிடும். அதுதான் பெரிய பட்டம். முதலில் நான்கு மாகாணங்களின் பட்டம், அப்புறம் ஜூலைக் கடைசியில் அகில அயர்லாந்து இறுதி.

மைதானத்தை முடிவு செய்வது யார்? தேசிய லீக்கும் அகில அயர்லாந்துக் கட்டங்களும் ஜி.ஏ.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் கேலிக் தடகள சங்கத்தின் மத்தியப் போட்டிக் கட்டுப்பாட்டுக் குழுவின் கையில். மாகாணப் போட்டிகள் அந்தந்த மாகாணக் கவுன்சிலின் கையில். அவர்கள் பார்ப்பவை நமக்கும் புரியக்கூடியவைதான்: எவ்வளவு கூட்டம் வரும், மைதானத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எத்தனை பேருக்கு இருக்கிறது, இரண்டு அணிகளுக்கும் தூரம் ஏறக்குறைய சமமா, மார்ச் மாத மழைக்குப் பிறகு புல் தாங்குமா, தொலைக்காட்சிக்கு வசதி உண்டா, விளக்கு உண்டா. இதற்கெல்லாம் ஒரே மூச்சில் "உண்டு" என்று சொல்லக்கூடிய இடம் குரோக் பார்க். எனவே கை தானாக அங்கே போகிறது. முதல், இரண்டாம் டிவிஷன்களை ஒரே நாளில் ஒரே டிக்கெட்டில் அடுத்தடுத்து ஆடவைத்தால் நான்கு கவுண்டி ரசிகர்களும் வந்துவிடுவார்கள். இன்னொரு நாளில் மற்ற இரண்டு. ஒரு வாரக் கடைசியில் வேலை முடிந்தது.

குரோக் பார்க் வெறும் வசதியான இடம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜோன்ஸ் ரோடு என்ற பெயரில் இருந்த அந்த நிலத்தை 1908-இல் ஃபிராங்க் டினீன் சொந்தப் பொறுப்பில் வாங்கி வைத்தார். 1913-இல் சங்கம் அதை அவரிடமிருந்து 3,500 பவுண்டுக்கு வாங்கி, சங்கத்தின் முதல் புரவலர்களில் ஒருவரான பேராயர் குரோக்கின் பெயரை வைத்தது. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினுக்கும் டிப்பரேரிக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படைகள் உள்ளே புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் டிப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். இன்றைக்கும் முக்கிய கேலரிக்கு ஹோகன் பெயர்தான். கோப்பையை வாங்கக் கேப்டன் ஏறிப் போகும் படிகள் அந்த ஹோகன் கேலரியில்தான் இருக்கின்றன. எட்டு வயதில் மட்டையையோ பந்தையோ கையில் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் படிகள்தான் கனவு. ஆகையால் "ஊர் மைதானம் போதுமே" என்று வெளியிலிருந்து சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அதே நேரம், இறுதி ஆட்டம் என்றாலே குரோக் பார்க் என்று ஒரு விதி ஆதியிலிருந்து இருந்ததும் இல்லை. முதல் அகில அயர்லாந்துக் கால்பந்து இறுதி 1888 ஏப்ரலில் டப்ளின் கிளான்ஸ்கி பகுதியில் ஒரு திறந்தவெளியில் நடந்தது. லிமெரிக்கைச் சேர்ந்த கமர்ஷியல்ஸ் அணி டண்டாக் அணியை வென்றது. 1937-இல் குரோக் பார்க்கில் கேலரி கட்டும் வேலை முடியாததால் ஹர்லிங் இறுதி கில்லார்னிக்குப் போனது. 1984-இல் சங்கத்தின் நூற்றாண்டுக்காக ஹர்லிங் இறுதியை, சங்கம் பிறந்த தர்லெஸ் ஊரிலேயே வைத்தார்கள். கால்பந்தில் எல்லோருக்கும் தெரிந்தது 1947. பெரும் பஞ்சத்தின் நூற்றாண்டை நினைத்து, அந்தப் பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்களுக்காக, இறுதி ஆட்டத்தை நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸுக்கே கொண்டுபோனார்கள். அது பேஸ்பால் மைதானம். பந்து எறிபவர் நிற்கும் மேட்டைக்கூட எடுக்கவில்லை, தரை கல் மாதிரி இருந்தது. கேவன் கெர்ரியை வென்றது. சுமார் 34,500 பேர் பார்த்தார்கள், மீதி நாடு முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒலிபரப்பு இணைப்பு துண்டிக்கப்படும் நேரம் நெருங்கியதும் வர்ணனையாளர் மிஹால் ஓ ஹெஹிர் "இன்னும் ஐந்தே நிமிடம் கொடுங்கள்" என்று நேரலையிலேயே கெஞ்சிய கதையை அயர்லாந்தில் தாத்தாக்கள் இன்னும் சொல்வார்கள்.

லீக்குக்கு வந்தால் நெகிழ்வு இன்னும் அதிகம். 1925-26-இல் லீஷ் அணி முதல் பட்டம் வென்றதிலிருந்தே லீக் என்பது ஊர் ஊராகச் சுற்றும் போட்டி. ஒரு காலத்தில் உள்நாட்டில் வென்ற அணி அதற்குப் பிறகு நியூயார்க் அணியோடு மோத வேண்டியிருந்தது. 1950, 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க்கே பட்டத்தை எடுத்துக்கொண்டது. பக்கத்துக் காலத்தில் 2002 இறுதியில் டிரோன் கேவனை வென்றது குளோன்ஸில். 2006-இல் கெர்ரி கால்வேயை வென்றது லிமெரிக்கில். 2008-இல் டெர்ரி கெர்ரியை வென்றது டப்ளினின் சின்ன மைதானமான பார்னெல் பார்க்கில். இதனால் அந்தப் பட்டங்களின் மதிப்பு யார் கண்ணிலும் குறையவில்லை. டெர்ரிக்காரரிடம் போய் "நீங்கள் வென்றது குரோக் பார்க்கில் இல்லையே" என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது 2023-ஐ எடுத்துக்கொள்வோம், என் வாதம் முழுக்க அந்த ஆட்டத்தில் இருக்கிறது. முதல் டிவிஷன் இறுதியில் மேயோவும் கால்வேயும். இரண்டும் மேற்குக் கரை, ஒன்றுக்கொன்று எல்லையைப் பகிரும் கவுண்டிகள், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பங்காளிச் சண்டை. மேயோவின் மைதானம் இருக்கும் கேசில்பாரிலிருந்து கால்வே நகரம் சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் ஏப்ரல் 2 அன்று இரண்டு கவுண்டிக்காரர்களும் நாட்டையே குறுக்காகக் கடந்து டப்ளின் போனார்கள். கேசில்பாரிலிருந்து போக சுமார் 240 கிலோமீட்டர், கால்வேயிலிருந்து இருநூறைத் தாண்டும். ஒரே சாலையில் முன்னும் பின்னுமாகப் போய் ஆடிவிட்டு, அதே சாலையில் ஒன்றாகத் திரும்பினார்கள். மேயோ வென்றது. சரியாக ஒரு வாரத்தில் சாம்பியன்ஷிப் முதல் சுற்று, சொந்த ஊர் கேசில்பாரிலேயே, எதிரில் ராஸ்காமன். மேயோ தோற்றது.

அந்தத் தோல்விக்குப் பயணம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பக்கம் நின்று கணக்குப் போடுங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிறு முழுக்க டப்ளினுக்கு: பெட்ரோல், சுங்கம், டிக்கெட், சாப்பாடு. அடுத்த ஞாயிறு சாம்பியன்ஷிப். முன்னேறினால் அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ வாரங்கள். எதை விடுவார்கள்? லீக் இறுதியைத்தான் விடுவார்கள். அதே ஆட்டத்தை ராஸ்காமன் ஹைட் பார்க்கில், இரண்டுக்கும் பொதுவான ஊரில், வைத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பியிருக்கலாம். மைதானம் நிரம்பி வழிந்திருக்கும். மேற்கில் இந்த இரண்டு அணிகளும் மோதும்போது எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வெளியூரில் வைத்தால் பெரிய ஆட்டத்தின் களை போய்விடும் என்ற பயத்துக்கு 2014 போதுமான பதில். அந்த ஆண்டு அகில அயர்லாந்து அரையிறுதியில் கெர்ரியும் மேயோவும் ஆகஸ்ட் 24 அன்று சமன் செய்தன. மறு ஆட்டம் ஆறே நாளில். ஆனால் அன்றைக்கு குரோக் பார்க்கை அமெரிக்கக் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். எனவே லிமெரிக் கேலிக் கிரவுண்ட்ஸ். மேயோ மக்கள் கொதித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. லிமெரிக் கெர்ரியை ஒட்டிய கவுண்டி, மேயோவுக்கு அப்படி இல்லை. வாடகைப் பணத்துக்காக எங்களை ஓரம் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னார்கள். ஆட்டம் என்னவோ அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அமைந்தது. 36,000-க்கு மேல் கூட்டம், ஆட்டக்காரர்களின் கழுத்தருகே மூச்சு விடும் தூரத்தில் கேலரி. மேயோவின் ஏடன் ஓஷேயும் கில்லியன் ஓகானரும் ஒருவரோடு ஒருவர் தலை மோதிக்கொண்டு, கட்டுப் போட்டு மறுபடி இறங்கினார்கள். கெர்ரிக்கு நெட்டைக்காரர் கீரன் டோனஹி கோல் முன்னால் பந்தைப் பிடித்துப் பிடித்துப் போட, ஜேம்ஸ் ஓடானஹூ அடித்துக்கொண்டே இருந்தார். கூடுதல் நேரத்தில் கெர்ரி 3 கோல் 16 பாயின்ட், மேயோ 3 கோல் 13 பாயின்ட். அங்கே இருந்த யாரும் "இது குரோக் பார்க்கில் நடந்திருக்கலாமே" என்று ஆட்டத்தின் தரத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை. குறை நடுநிலையைப் பற்றித்தான். அதைச் சரியாகப் பார்த்துச் செய்தால் வெளியூர் பெரிய ஆட்டத்தைத் தாங்கும்.

நடுநிலை என்று வந்துவிட்டால் டப்ளின் அணியைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது. ஏட்டில் டப்ளினின் சொந்த மைதானம் பார்னெல் பார்க். நடைமுறையில் அவர்கள் குரோக் பார்க்கிலேயே வளர்கிறார்கள். 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு அகில அயர்லாந்துப் பட்டம். லென்ஸ்டர் மாகாணத்தில் 2011 முதல் 2024 வரை தொடர்ந்து பதினான்கு. அது அபாரமான அணி, மைதானத்தால் மட்டும் யாரும் அப்படி வென்றுவிட முடியாது. ஆனாலும் எதிரணி ராத்திரி ஓட்டலில் தங்கி, தெரியாத அறையில் உடை மாற்றி, வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் பார்க்கும் அந்த அகலமான புல்வெளியில் இறங்கும்போது, டப்ளின் ஆட்டக்காரர் தன் வீட்டில் தூங்கி எழுந்து வருகிறார். கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் நின்று பார்க்கும் ஹில் 16 முழுக்க டப்ளினின் நீலம். 2025-இல் லென்ஸ்டர் அரையிறுதியை போர்ட்லீஷில் வைத்தார்கள். அங்கே மீத் டப்ளினை வென்றது, பதினான்கு ஆண்டுப் பட்டத் தொடர் முடிந்தது. அப்புறம் குரோக் பார்க்கில் நடந்த மாகாண இறுதியில் லௌத் மீத்தை வென்று 1957-க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டம் எடுத்தது. 65,000-க்கு மேல் கூட்டம். அன்றைக்கு குரோக் பார்க் சரியான இடமாக இருந்தது, ஏனென்றால் அந்த இரண்டு கவுண்டிகளுக்கும் டப்ளின் பக்கம், மேலும் அந்த நாள் அவர்களுக்குத் தினமும் கிடைப்பதில்லை.

மறுபக்கம் நிற்கும் வலுவான உதாரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அது வடக்கே இருக்கும் அல்ஸ்டர் மாகாணத்தின் இறுதி. 1971 வரை அது பல முறை பெல்ஃபாஸ்ட் கேஸ்மென்ட் பார்க்கில் நடந்தது. வட அயர்லாந்துக் கலவர ஆண்டுகளில் அங்கே நடத்த முடியாமல் மொனஹன் கவுண்டியின் குளோன்ஸுக்கு மாறியது. குளோன்ஸ் எல்லையோரத்தில் சுமார் 2,000 பேர் வாழும் ஊர், பயணிகள் ரயிலை 1957-இல் நிறுத்திவிட்டார்கள், ஒரு பெரிய ஓட்டல்கூடத் தேட வேண்டும். ஊர் நடுச் சதுக்கத்திலிருந்து ஒரு மேட்டில் ஏறினால் மைதானம். இறுதி நாளன்று காலை பத்து மணிக்கே அந்தத் தெருக்களில் கார் நகராது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வயல் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஜனங்கள் நடந்து வருவார்கள். வாசல்தோறும் பர்கர் வண்டி, கொடி விற்பவர்கள், ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பாட்டிகள். அர்மாவும் டிரோனும் நாட்டின் முதல் வரிசைக்கு வந்த காலத்தில் டிக்கெட் கிடைக்காமல் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். அதனால் 2004-லிருந்து மூன்று ஆண்டு அல்ஸ்டர் இறுதி குரோக் பார்க்குக்குப் போனது. 2004-இல் அர்மா, டொனகால் ஆட்டத்துக்கு 67,000 பேர் வந்தார்கள். குளோன்ஸில் அதில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் நுழைய முடியும். பணமும் அதற்கேற்றபடி. இருந்தும் 2007-இல் மறுபடி குளோன்ஸ்.

ஏன் திரும்பினார்கள்? என் பார்வையில், முப்பது வருடமாக ஒரு வடக்கத்திக்காரர் கோடையை எண்ணுவது அந்த மேட்டை வைத்துத்தான். அதை டப்ளினுக்கு மாற்றியதும் அது அகில அயர்லாந்துக் கட்டங்களில் ஒன்றாகக் கரைந்துபோனது. 67,000 பேரின் அனுபவம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நாளுக்கென்று தனி முகம் இல்லை. கேஸ்மென்ட் பார்க் 2013-லிருந்து மூடிக் கிடப்பது இதில் இன்னொரு வலி. 34,500 பேருக்கு அதைப் புதிதாகக் கட்டி 2028 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கே பயன்படுத்துவதாகத் திட்டம் இருந்தது. 2024-இல் அந்த ஐரோப்பியக் கோப்பைத் திட்டம் கைவிடப்பட்டது. அயர்லாந்தின் இரண்டாவது பெரிய நகரத்தில் பெரிய இறுதி ஆட்டம் வைக்க ஒரு மைதானம் இல்லை என்பது சங்கத்தின் மிகப் பெரிய குறைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பலர் 2018 கில்டேர் கதையை இழுப்பார்கள். அது இறுதி ஆட்டம் இல்லை, தகுதிச் சுற்று. குலுக்கலில் கில்டேருக்கு சொந்த மைதானம் கிடைத்தது. ஆனால் 8,200 பேர் மட்டும் கொள்ளும் நியூபிரிட்ஜ் மைதானத்தில் மேயோ ரசிகர்களை அடக்க முடியாது என்று ஆட்டத்தை குரோக் பார்க்குக்கு மாற்றினார்கள். கில்டேர் பயிற்சியாளர் கியன் ஓநீல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, சனிக்கிழமை எங்கள் அணி நியூபிரிட்ஜில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார். "நியூபிரிட்ஜ், இல்லையென்றால் எங்கேயும் இல்லை" என்பது நாடு முழுக்கக் கோஷமானது. சங்கம் இறங்கி வந்தது, கில்டேர் வென்றது. 2022-இல் கார்க்கின் பெரிய மைதானத்தில் இசை நிகழ்ச்சி இருந்ததால் கார்க் அணியைக் கில்லார்னிக்குப் போகச் சொன்னபோது அவர்களும் தங்கள் சின்ன மைதானமான பார்க் ஈ ரின்னை விட்டு நகர மாட்டோம் என்று நின்று அங்கேயே ஆடினார்கள், தோற்றார்கள். இரண்டிலும் எனக்குக் கவுண்டிகள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கூட்டம் பெரிதாக வரும் என்பதற்காக, விதிப்படி கிடைத்த சொந்த மைதானத்தைப் பறிக்கக் கூடாது. ஆனால் இறுதி ஆட்டத்தில் யாருக்கும் அப்படி ஓர் உரிமை இல்லை, அதனால் இந்த உதாரணங்களை நம் கேள்விக்குள் அதிகம் இழுக்க வேண்டாம்.

சரி, கீழ் டிவிஷன்களுக்கு வருவோம். லீட்ரிம் கவுண்டியின் மொத்த மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் சுமார் 35,000. அயர்லாந்தின் கவுண்டிகளில் அதுதான் மிகக் குறைவு. மொத்தக் கவுண்டியையும் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் குரோக் பார்க் பாதிகூட நிறையாது. அவர்கள் மாகாணப் பட்டம் வென்றது 1927-இல் ஒருமுறை, 1994-இல் ஒருமுறை. 2019-இல் நான்காவது டிவிஷன் இறுதிக்கு வந்தார்கள், எதிரில் டெர்ரி. வெகு காலத்துக்குப் பிறகு லீட்ரிம் குரோக் பார்க்கில் இறங்கிய நாள் அது. பச்சையும் பொன்னும் கலந்த சட்டைகள் கீழ்க் கேலரியில் திரண்டிருந்தன. லீட்ரிம் தோற்றது. அந்த ஆட்டத்தை நடுவழியில் ஏதாவது ஓர் ஊரில் வைத்திருந்தால் பயணம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்தப் பையன்களில் பலருக்கு வாழ்நாளில் ஹோகன் கேலரிக்கு எதிரே நிற்கும் வாய்ப்பு அதைவிட்டால் வேறு எப்போது? கெர்ரிக்காரருக்கும் டப்ளின்காரருக்கும் வருடா வருடம் கிடைப்பது இவர்களுக்கு ஒருமுறை கிடைக்கிறது. அதையும் கூட்டக் கணக்குப் போட்டுப் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டெர்ரியின் கதை இதற்கு இன்னொரு பக்கம். 2019-இல் அதே நாளில் நான்காவது டிவிஷன் கோப்பையை குரோக் பார்க்கில் தூக்கிய கவுண்டி, படிப்படியாக ஏறி 2024 மார்ச் 31 அன்று அதே புல்லில் டப்ளினைப் பெனால்டியில் வென்று முதல் டிவிஷன் பட்டத்தை எடுத்தது. ஐந்து வருடத்தில் கடைசிப் படியிலிருந்து மேல் படிக்கு. அடிமட்டத்தில் ஆடும் அணி அந்த மைதானத்தின் அகலத்தையும் காற்றையும் ஒருமுறை ருசித்திருப்பது பின்னால் கை கொடுக்கிறது. (மூன்று வாரத்தில் சாம்பியன்ஷிப்பில் சொந்த ஊரில் டொனகாலிடம் நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீக் இறுதிக்கும் சாம்பியன்ஷிப்புக்கும் இடையே இருக்கும் குறுகிய இடைவெளி, மேல் டிவிஷன் அணிகளின் பெரிய தலைவலி.)

காலி இருக்கைப் பிரச்சினை உண்மைதான். பத்தாயிரம் பேர் அந்தப் பெரிய கிண்ணத்துக்குள் சிதறி உட்கார்ந்தால் பயிற்சியாளர் கத்துவதுகூட எதிர்க் கேலரியில் எதிரொலிக்கும். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது, பாதி செய்தும் வருகிறார்கள். மேல் தளங்களையும் ஹில் 16-ஐயும் பூட்டிவிட்டு எல்லோரையும் கீழ்த் தளத்தில் ஒரு பக்கமாக உட்காரவைப்பது, இரண்டு இறுதிகளை அடுத்தடுத்து வைப்பது, பிள்ளைகளை இலவசமாக விடுவது, இடைவேளையில் அந்தக் கவுண்டிகளின் பத்து வயதுப் பிள்ளைகளைப் புல்லில் இறக்கி ஆடவிடுவது.

பெண்கள் ஆட்டத்தில் மைதானத் தேர்வு எப்படித் தப்பாகப் போகலாம் என்பதற்கு 2020 டிசம்பரைப் பாருங்கள். அவர்களின் முதல் அகில அயர்லாந்து இறுதி 1974-இல் லீஷ் கவுண்டியில் டரோ என்ற கிராமத்தில் நடந்தது. 1986-இல்தான் குரோக் பார்க் கிடைத்தது. 2019-இல் 56,114 பேர் அங்கே வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அரையிறுதியில் கார்க்கும் கால்வேயும் லிமெரிக்கில் ஆட வேண்டும் என்று அறிவித்து, அதைப் பார்னெல் பார்க்குக்கு மாற்றி, அன்று காலை அந்தப் புல் பனியில் உறைந்து கிடந்ததால் கடைசி நேரத்தில் குரோக் பார்க்குக்கு ஓடவைத்து, ஆட்ட நேரத்தையும் முன்னுக்கு இழுத்தார்கள். கால்வே பெண்களுக்கு உடம்பைச் சூடாக்க ஒழுங்காக நேரம்கூடக் கிடைக்கவில்லை. எந்த மைதானம் என்பதைவிட, எப்போது சொல்கிறார்கள், மாற்று ஏற்பாடு என்ன என்பது முக்கியம் என்று அந்த நாள் காட்டியது.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். மூன்றாம், நான்காம் டிவிஷன் இறுதிகள் ஒரே நாளில் குரோக் பார்க்கில், வருடத்தின் தொடக்கத்திலேயே உறுதி. இரண்டாம் டிவிஷனை அந்த இரண்டு அணிகளின் விருப்பத்துக்கு விடலாம், இருவரும் குரோக் பார்க் கேட்டால் கொடுத்துவிடலாம். முதல் டிவிஷனுக்குத் தேதியை மட்டும் அறிவித்து, கடைசிச் சுற்று முடிந்த அன்று இரவே மைதானத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ஜனவரியிலேயே எந்தெந்த இரண்டு அணி வந்தால் எந்த ஊர் என்று ஒரு பட்டியலை வெளியிட்டுவிட்டால், பிறகு யாரும் சதி என்று பேச வழியில்லை. மேயோவும் கால்வேயும் என்றால் ராஸ்காமன். டெர்ரி, டிரோன், அர்மா, டொனகால் இவற்றில் எந்த இரண்டு வந்தாலும் குளோன்ஸ். கார்க்கும் கால்வேயும் என்றால் லிமெரிக். ஒவ்வோர் ஊருக்கும் பனி, வெள்ளம் வந்தால் எந்த மாற்று மைதானம் என்பதையும் அதே பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

டப்ளினும் கெர்ரியும் வந்தால் என்ன செய்வது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். 2017 லீக் இறுதியில் கெர்ரி டப்ளினின் 36 ஆட்டத் தோல்வியில்லாத் தொடரை முடித்தபோது குரோக் பார்க்கில் 50,000-க்கு மேல் கூட்டம். அந்த வருமானத்தை யார் விடுவார்கள்? கஷ்டம்தான். ஆனாலும் தர்லெஸ் என்றே சொல்வேன். 45,000 பேர் கொள்ளும், டப்ளினிலிருந்து கார்க் போகும் ரயில் அங்கே நிற்கும். 2001-இல் இதே இரண்டு அணிகள் அகில அயர்லாந்துக் காலிறுதியை அங்கே ஆடின. கடைசி நேரத்தில் டப்ளின் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தபோது, பக்கக் கோட்டில் நின்று கெர்ரியின் மோரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் வலது காலின் வெளிப்புறத்தால் வளைத்து உதைத்த பந்து கம்பத்துக்கு நடுவே போய் ஆட்டத்தைச் சமன் செய்தது. மறு ஆட்டமும் அடுத்த வாரம் தர்லெஸிலேயே நடந்தது, டப்ளின் ரசிகர்கள் இரண்டாம் முறையும் போனார்கள்.